இடைகழி

எங்கள் வீட்டு நடையின் இடப்பக்கச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு சாம்பல் கோடு ஓடியது. அம்மாவின் அறைக் கதவு நிலையில் தொடங்கி, குளியலறைக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். நெடுநாள் அதை வெறும் அழுக்கு என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்கு வண்ணம் பூச ஏற்பாடானபோது பெயின்டர் உப்புத்தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கை பட்டுப் பட்டு வந்தது சார். எண்ணெய்ப் பசை ஊறிப்போயிருக்கு. நல்லாத் தேய்ச்சு எடுக்காம பிரைமர் அடிச்சா திரும்ப மேல வந்துடும்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமாக அம்மா ஒவ்வொரு இரவும் இரண்டு முறை, சில நாள் மூன்று முறை எழுந்து அந்த நடையில் போய்வருகிறாள். விளக்கைப் போடுவதில்லை. போகும்போது இடக்கை, வரும்போது வலக்கை, இரண்டும் ஒரே சுவரைத் தொட்டபடி. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் முழங்காலுக்குத் தடவிய தைலமும் அந்த விரல்கள் வழியே சுவருக்குப் போயிருக்கின்றன. பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கு அவள் எழுந்து போகும் சத்தம்கூடக் கேட்டதில்லை. சுவருக்குத் தெரிந்திருக்கிறது.

நடையின் நீளம் 14 அடி, அகலம் 3 அடி. 1980களில் கட்டிய சென்னை அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இந்த அளவைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். கூடத்தின் ஒரு மூலையில் கிளம்பி, இரண்டு படுக்கையறைகளையும் ஒரு குளியலறையையும் தொட்டுக்கொண்டு வெறும் சுவரில் போய் முட்டும் வழி. ஜன்னல் கிடையாது. வீட்டின் மற்ற இடங்களில் கூரை 10 அடி உயரத்தில் இருக்க, இங்கு மட்டும் 7 அடியில் பரண் குறுக்கிடுகிறது. பரணில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கொலு பொம்மைகள், பாட்டியின் வெண்கல உருளி, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, சாவி தொலைந்துபோன ஒரு ட்ரங்குப் பெட்டி. அவற்றின் அடியில்தான் நாங்கள் நாளெல்லாம் போய்வருகிறோம். உயரமானவர்கள் வந்தால், இடிக்காது என்று தெரிந்தும் அந்த இடத்தில் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இருட்டான இடத்துக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பரணின் அடிப்பலகையில் 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். கடைக்காரர் 'கூல் டே லைட்' என்று எடுத்துக் கொடுத்தது. அட்டையில் 6500 கெல்வின் என்றிருந்தது. நம் ஊரில் நல்ல வெளிச்சம் என்றால் இந்த நீலம் கலந்த வெள்ளைதான். போட்டதும் எல்லாம் தெரிந்தது. சுவரின் ஒவ்வொரு விரிசலும், பரண் விளிம்பில் ஒட்டடையும், மொசைக் தரையில் போன வருடம் சிந்திய மைக்கறையும் தெரிந்தன. ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. எதிரே வருகிறவரின் நெற்றி பளபளத்தது, கண்கள் இரண்டு குழிகளாக இருண்டு கிடந்தன. அம்மா ஒரே நாளில் சொல்லிவிட்டாள்: "கண்ணு கூசுதுப்பா. சுவரெல்லாம் கிட்ட வந்துட்ட மாதிரி இருக்கு." அன்றிரவும் அவள் அதைப் போடாமலேதான் போய்வந்தாள்.

ஏன் அப்படி என்று யோசித்தபோது, பள்ளியில் படித்து மறந்த ஒரு கணக்கு கைகொடுத்தது. ஒரு சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். பத்தடிக் கூரையில் இருக்கும் குண்டு பல்புக்கும் ஐந்தரை அடி மனிதரின் தலைக்கும் நாலரை அடி இடைவெளி உண்டு. அதே பல்பு 7 அடியில் இருந்தால் தலைக்கும் அதற்கும் ஒன்றரை அடிதான். தரையோ 7 அடி தள்ளி இருக்கிறது. தலைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குகூடக் காலடிக்குப் போய்ச் சேராது. பட்டை விளக்கு நீளமானது என்பதால் இந்தக் கொடுமை கொஞ்சம் தணியுமே தவிர, தன்மை மாறாது. நடக்கிறவருக்கு வெளிச்சம் வேண்டியது காலடியில். தாழ்ந்த கூரையின் விளக்கு அதை உச்சந்தலையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

வயதான கண்ணின் சங்கடம் இதோடு சேர்ந்துகொள்கிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் உள்ளே போகிறது. பாப்பா சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளித்துவிடுகிறது. அப்படியானால் முதியவர்களுக்கு அதிக வெளிச்சம் வேண்டும்தானே? வேண்டும். ஆனால் அதே மங்கிய வில்லை, நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்கைச் சிதறடித்து, பார்வை முழுவதும் வெள்ளைப் புகையாகப் பரப்புகிறது. அதிக ஒளி தேவை, விளக்கு மட்டும் கண்ணில் படக்கூடாது. இன்னொன்றும் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படி மெல்லச் சேர்த்த பழக்கத்தை ஒரு சுவிட்ச் நொடியில் பறித்துவிடும். திரும்பிப் படுக்கைக்கு வந்தபின் கட்டிலின் விளிம்பு எங்கே, தண்ணீர்ச் செம்பு எங்கே என்று தடவ வேண்டியிருக்கும். அம்மா விளக்கைப் போடாததற்குக் காரணம் சிக்கனம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தன் கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

*

தஞ்சாவூர் ஜில்லாவில் தாத்தாவின் வீட்டில் இதைவிட இருண்ட ஒரு நடை இருந்தது. அங்கே அதற்கு ரேழி என்று பெயர். திண்ணையைத் தாண்டி வாசற்படி ஏறினால் ரேழி. அதைக் கடந்தால் கூடமும் முற்றமும். அதற்கும் ஜன்னல் இல்லை. அதன் தலைக்கு மேலும் மரப்பலகை பாவிய மச்சு உண்டு. மச்சில் வாழைத்தாரும் புளிப்பானையும் பழைய பாத்திரங்களும். நடைக்கு மேல்தான் வீடு தன் பாரத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது என்பது அன்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கிறது.

ஆனால் அந்த ரேழி யாருக்கும் நெருக்கமாகத் தோன்றியதில்லை. அதன் ரகசியம் அந்த வீடுகள் அமைந்த வரிசை. வாசல் நிலை, ரேழி நிலை, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் கொல்லையின் வாழைமரம் தெரியும். ரேழிக்குள் நுழைகிறவர் இருட்டில் நின்றபடி, முற்றத்தில் கொட்டிக்கிடக்கும் வெயிலைப் பார்ப்பார். இருட்டு கைக்கெட்டும் தூரத்தில், வெளிச்சம் வழியின் கடைசியில். கால் தானாக அந்த வெளிச்சத்தை நோக்கிப் போகும்.

சித்திரை வெயிலில் தெருவில் நேர்ச்சூரியனின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். வீட்டு நடைக்கு நூறு லக்ஸ் இருந்தாலே தாராளம். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஒரு படி ஏறி இறங்குவதற்குள் கண் தாண்டியாக வேண்டும். வெயிலிலிருந்து வந்தவர்கள் ரேழியில் ஒரு கணம் நின்று, "கண்ணை இருட்டிண்டு வரது" என்று தூணைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கணம் அந்த இடம் அவர்களுக்குக் கொடுத்தது. தெருவின் ஆளை வீட்டின் ஆளாக மாற்ற அவ்வளவு இருட்டு தேவைப்பட்டது.

இரவில் ரேழிச் சுவரின் மாடத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். விளக்கு மாடம், மாடக்குழி, மாடப்பிறை என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பாட்டி ஏற்றிய அகலை நான் குனியாமல் பார்க்க முடிந்த உயரம் அது. ஏழு வயதில் என் மூக்குக்கு நேராக இருந்தது. உள்ளே அரைவட்டமாகக் குடைந்து, சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். திரிக்கு நேர் மேலே மட்டும் புகை படிந்து, ஒரு கரிய இலை வடிவம். அடித்தளத்தில் எண்ணெய் ஊறிக் கல் வெல்லம்போலக் கறுத்திருக்கும். விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்.

அந்த மாடத்தின் புத்திசாலித்தனம் எனக்கு நாற்பது வருடம் கழித்து இந்த அடுக்குமாடி நடையில் நின்றபோதுதான் விளங்கியது. சுவருக்குள் ஒடுங்கியிருப்பதால் நடப்பவரின் தோளிலோ புடவைத் தலைப்பிலோ படாது. குறுகிய வழியில் ஓர் அங்குலத்தைக்கூட எடுத்துக்கொள்ளாது. காற்று நேராக வந்து அணைக்காது. தள்ளி நின்று பார்க்கிறவருக்குச் சுடர் தெரியாது, சுடர் ஏற்றிய சுவர்தான் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு ஒளியை வாங்கி, மென்மையாக்கி, எதிர்ச்சுவருக்கு அனுப்பும். தாழ்ந்த கூரைக்கும் ஒடுங்கிய சுவருக்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கு ஒன்று உண்டா என்று தெரியவில்லை. பரணில் ஓட்டைபோட்டுப் பதிக்கும் வட்ட விளக்குகளைவிட இது நூறு பங்கு மேல்.

*

ரேழி என்ற சொல் இடைகழி என்பதன் மருவல். இடைகழி என்றதும் தமிழ் படித்தவர்களின் மனம் திருக்கோவலூருக்குப் போகும்.

பெண்ணையாற்றங்கரையில் ஒரு மழை இரவு. பொய்கையாழ்வார் ஒதுங்க இடம் தேடி ஒரு வீட்டின் இடைகழிக்குள் வந்து படுக்கிறார். ஒருவர் படுக்கும் அளவுக்குத்தான் இடம். அடுத்துப் பூதத்தாழ்வார் வருகிறார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார, இருவரும் உட்காருகிறார்கள். பிறகு பேயாழ்வார், மூவரும் எழுந்து நிற்கிறார்கள். நான்காவதாக ஒருவர் நுழைந்து நெருக்குவது தெரிகிறது. யார் என்று தெரியவில்லை. அந்த இருட்டில் பொய்கையார் பூமியை விளக்காக்கிப் பாடத் தொடங்குகிறார். பூதத்தார் தம் அன்பை விளக்காக்குகிறார். அந்த இரு விளக்கின் ஒளியில் பேயாழ்வார் அந்த நான்காமவரைத் திருமாலாகக் கண்டேன் என்கிறார். முதல் மூன்று திருவந்தாதிகளும், ஒவ்வொன்றும் நூறு வெண்பா, அந்த இடைகழியில் பிறந்ததாக வைணவ மரபு சொல்கிறது. அவ்வூர்ப் பெருமாளுக்குத் தேகளீசன் என்றே ஒரு பெயர். வேதாந்த தேசிகர் அந்தப் பெயரில் ஒரு துதி செய்திருக்கிறார். இடைகழிக்கு ஒரு கடவுள்.

இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். உபந்யாசங்களில் விளக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு இப்போது அந்த நெருக்கம்தான் பெரிதாகப்படுகிறது. விளக்குக்கு முன்னால் நடந்தது தொடுகை. ஒருவர் தோள் ஒருவர் மேல் உரச, மூச்சு முகத்தில் பட, ஆள் இருக்கிறது என்று உடம்பு முதலில் அறிந்தது. பெரிய மண்டபமாக இருந்திருந்தால் நான்காமவர் ஒரு தூணோரம் நின்றுவிட்டுப் போயிருப்பார், யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். வழி குறுகலாக இருந்ததால் தெரிந்தது. குறுகிய இடத்தில் கைதான் முதலில் பார்க்கிறது. கை பார்த்ததைக் கண்ணுக்குக் காட்டத்தான் விளக்கு வருகிறது.

அம்மாவின் சாம்பல் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் இதை நினைத்தேன். அவளுடைய கை பதினோரு வருடமாக அந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைக் கேட்காமல் கூரையில் விளக்குப் பொருத்தியிருந்தேன்.

*

வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குரிய கணக்கு இருக்கிறது. ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகளால் நிரப்பி எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்லும். ஒரே ஒரு சுடர் அணையாதிருக்க ஒரு மந்தை.

ஒரு சுடரின் ஒளி மெழுகுவத்தியின் அளவு என்று வைத்துக்கொண்டால் சுமார் 12 லூமென். இன்று நம் வீட்டில் மாட்டும் 9 வாட் பல்பு 900 லூமெனுக்குப் பக்கத்தில் தருகிறது. எழுபது சுடருக்கும் மேல். சோழர் கணக்கில் ஆறாயிரத்து எழுநூறு ஆட்டுக்குமேல் மேய்த்தால்தான் அந்த ஒரு பல்பு எரியும். நாம் அதைக் கூரையின் நட்டநடுவில் மாட்டிவிட்டு மறந்துபோகிறோம்.

96 ஆட்டின் சுடரை அவர்கள் வைத்தது எங்கே? ஒரு கோயிலுக்குள் நடந்துபோவதை நினைத்துப் பார்க்கலாம். ராஜகோபுரத்தில் வானம். பிராகாரத்தில் பாதி வெயில். மண்டபத்தில் தூண்களின் நிழல். அர்த்தமண்டபத்துக்குள் போகப் போகக் கூரை தாழ்கிறது, சுவர்கள் நெருங்குகின்றன, காலடிக் கல் குளிர்கிறது. வெளிச்சம் முழுக்க வடிந்த இடத்தில், வழி முடிகிற இடத்தில், அந்தச் சுடர். அதற்குள் கண் பழகிவிடுகிறது. ஒரு சுடரே போதுமானதாகிறது. தாழ்ந்த கூரையும் ஒடுங்கிய சுவரும் அங்கே குறையாக இல்லை. அந்தச் சிறு சுடருக்குப் பெருமை தேடிக்கொடுப்பவையே அவைதான். நம் வீட்டு நடைக்கும் அதே உடல்வாகு. அதை அகலமாகக் காட்டவும் உயரமாகக் காட்டவும் பாடுபடுவதைவிட, அதன் கடைசியில் பார்க்கும்படி ஒன்றை வைத்தால் போதும்.

*

எங்கள் நடையின் வலப்பக்கச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். இடப்பக்கம் நாலரை அங்குலத் தடுப்பு. தடுப்புச் சுவரைக் குடைந்தால் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். வலப்பக்கச் சுவரில், நடை முடிய நாலடி இருக்கும்போது, பழைய மரத்தாலான மெயின் போர்டு இருந்த இடம் ஒன்று செங்கல் வைத்து மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்தோம். ஐந்தங்குல ஆழம். மேலே வளைவு கொடுத்து, உள்ளே சுண்ணாம்பு வெள்ளை பூசி, அதை மாடமாக்கினோம். முன்விளிம்பில் நாலங்குல உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டம். சட்டத்துக்குப் பின்னால் 3 வாட் பல்பு, வார்ம் ஒயிட், 2700 கெல்வின். நடையில் எங்கே நின்றாலும் பல்பு தெரியாது. வெளிச்சம் மாடத்தின் முதுகில் ஏறி, பரணின் அடிப்பாகத்தைத் தொட்டு, எதிர்ச்சுவரில் நீளமாகச் சரிந்து வழிகிறது. கீழே ஒளி பட்டதும் பரண் ஒரு முழம் மேலே போய்விட்டதுபோல இருந்தது. இருண்ட கூரைதான் அழுத்துகிறது. ஒளி பட்ட கூரைக்குக் கனம் குறைகிறது.

பெயின்டர் மட்டும் தயங்கினார். "இப்படிச் சாய்ஞ்சு விழற லைட்டுக்குச் சுவரோட மேடு பள்ளமெல்லாம் காட்டிக் கொடுத்துடும் சார். இரண்டு தடவை பட்டி பார்க்கணும்." பார்த்தார். எதிர்ச்சுவரை, கோடு இருந்த சுவரை, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு முறை பட்டி பார்த்து, மங்கலான வெள்ளையில் முடித்தார். பளபளப்பான பெயின்ட் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மூன்றடி இடைவெளியில் பளபளப்புச் சுவர் ஒவ்வொன்றும் இன்னொரு விளக்காகிக் கண்ணைக் குத்தும்.

நடை முட்டும் கடைசிச் சுவருக்குக் காவி நிறம். அதன் நடுவில் தாத்தா வீட்டிலிருந்து வந்த சிறிய தஞ்சாவூர் ஓவியம். வெண்ணெய்க் குடத்தோடு கிருஷ்ணன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன் மேல் தங்க ரேக்கு பதித்தது. கூடத்தில் ட்யூப் லைட்டின் கீழே இத்தனை வருடம் அது மஞ்சள் காகிதம்போல இருந்தது. இங்கே பக்கத்திலிருந்து வரும் குறைந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒவ்வொரு மேடு மினுங்குகிறது. முதல் அடியில் மகுடம், மூன்றாவதில் மணிமாலை, அருகே போனதும் குடத்தின் விளிம்பு. பூஜையறையின் எண்ணெய் விளக்கை நம்பிச் செய்த பொருள் அது. அந்த மேடுகள் எதற்கு என்பது நடந்துகொண்டே பார்க்கிறவருக்குத்தான் தெரிகிறது.

படங்களை வலப்பக்கச் சுவரில் மட்டும் மாட்டினேன். மூன்றடி நடையில் பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லை. பெரிய படத்தின் ஒரு பகுதிதான் கண்ணில் விழும். அதனால் கைப்பிடி அளவுப் படங்கள் ஐந்து, அம்மாவின் கண்மட்டத்தில். ஸ்டுடியோவில் எடுத்த அப்பாவின் பழைய படம். தாத்தா பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. என் அக்கா இரட்டைச் சடையோடு. முதலில் நேராக மாட்டியபோது கண்ணாடியில் எதிர்ச்சுவரின் வெளிச்சம் அடித்தது, முகங்கள் மறைந்தன. பழைய வீடுகளில் படங்களை மேல்பக்கம் முன்னால் சாய்த்துக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். அந்தச் சாய்வு நினைவுக்கு வந்தது. மேல் விளிம்புக்குப் பின்னால் ஒரு சிறு கட்டை வைத்துச் சாய்த்தேன். கண்ணாடி இப்போது இருண்ட தரையைத்தான் பிரதிபலித்தது. முகங்கள் திரும்ப வந்துவிட்டன. அதுவும் நம்மைக் குனிந்து பார்ப்பவையாக.

நிலைக்கண்ணாடி வைத்தால் நடை அகலமாகத் தெரியும் என்று பலர் சொன்னார்கள். தெரியும்தான். ஆனால் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் வருகிற எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு எதிரே இன்னொரு ஆள் வருவதாகத் தோன்றி ஒரு கணம் தடுமாறினால்? வேண்டாம் என்றுவிட்டேன். நீளவாக்கில் கம்பளம் விரிக்கலாம் என்ற யோசனையையும் அதே காரணத்துக்காக விட்டேன். மொசைக் தரை கழுவிய சுத்தத்தோடு அப்படியே இருக்கிறது.

இடப்பக்கச் சுவரில் எதுவுமே இல்லை. ஆணி இல்லை, அலமாரி இல்லை, அலங்காரத் தட்டு இல்லை. அது கையின் சுவர்.

எலக்ட்ரீஷியன் நடையின் இரு முனையிலும் டூ-வே சுவிட்ச் வைத்தார். அம்மாவின் கட்டிலருகே ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று. ஒரு முனையில் போட்டதை மறுமுனையில் அணைக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் திரும்பி நடக்க வேண்டிய அவசியம் இல்லாத ஏற்பாடு அது. மனிதர்கள் வந்த வழியே திரும்புவதில்லை என்பதை அறிந்த யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் அந்த சுவிட்சுகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மாட விளக்கை மாலையில் போட்டால் விடியும்வரை விட்டுவிடுகிறோம். 3 வாட், பத்து மணி நேரம். மாதம் முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட் ஆவதில்லை. கார்த்திகை அன்று மட்டும் அம்மா பல்பை அணைக்கச் சொல்லிவிட்டு மாடத்தில் அகலை ஏற்றினாள். திரிக்கு மேலே வெள்ளையில் ஒரு சின்னக் கரிய இலை விழுந்தது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும்பா, மாடம்னா அது இருக்கணும்" என்றாள்.

மாலையானால் இந்த நடை இப்போது வீட்டின் சந்திப்பாகிவிடுகிறது. எதிரும் புதிருமாக இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். முன்பு கண்ணைக் கூசிக்கொண்டு அவசரமாக உரசிப் போய்விடுவோம். இப்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது. அந்த அரை நிமிடத்தில் ஏதோ ஒன்றைக் கேட்டுவிடுகிறோம். மாத்திரை போட்டாயா, யார் போன் பண்ணினார்கள், தாத்தாவின் சட்டையில் அந்தப் பொத்தான் எப்படி வந்தது. கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது வராத பேச்சு, வழிவிட்டு நிற்கும்போது வருகிறது.

வண்ணம் பூசி ஆறு மாதம் இருக்கும். ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா நடையில் போய்க்கொண்டிருந்தாள். நான் கூடத்து இருட்டில் நின்றேன். மாடத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் வழி முழுதும் தெளிவாக இருந்தது; ஒன்றையும் தடவிப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அவளுடைய இடக்கை உயர்ந்து, பழைய உயரத்தில், சுவரைத் தொட்டுக்கொண்டே போயிற்று.

அவள் போனபின் அருகே போய்ப் பார்த்தேன். சாம்பல் கோடு இல்லை. பகலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மங்கலான வெள்ளையில், விரல்கள் தேய்த்த இடம் மட்டும் மெல்ல வழவழப்பாகி, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒரு மினுக்கமாக, கதவு நிலையிலிருந்து குளியலறைக்கு ஒரு சாண் முன்வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கை வைத்து, அவள் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றிருந்தேன். வந்தவள் எதுவும் கேட்கவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். அவள் வலக்கை என் தோளைத் தொட்டு, மறுபடி சுவருக்குப் போயிற்று.